பேரீச்சம்பழத்துக்குப் போட்ட கம்ப்யூட்டரில் யாருடைய முகவரி இருக்கிறது?

(புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் நடந்த இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும், உண்மை அறியும் குழு எப்படிப் போக வேண்டும் என்பது பற்றியும் தோழர்கள் விரிவாகப் பேசினார்கள். சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில் என்னை எழுப்பிவிட்டு, அலுவலகத்தில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இது என்ன தலைப்பு என்று பின் வரிசையில் ஒரு தம்பி சிரித்தது எனக்கும் கேட்டது. சில வருடங்களுக்கு முன்பு யாராவது இந்தத் தலைப்பைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஏன் இப்போது சிரிப்பு வரவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு அமைப்பில், பெயர் வேண்டாம், மூன்று பழைய சிபியுக்கள் கழிவறைக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தன. இடத்தை அடைக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டோம். போட்டது நான்தான். மூன்றுக்கும் சேர்த்து 900 ரூபாய் கொடுத்தார். அதில் டீயும் வடையும் வாங்கிச் சாப்பிட்டோம். நாலு மாதம் கழித்து ஒரு போன். திருச்சியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிச் சரிசெய்து விற்கிற பையன். "அண்ணே, ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குனேன். உள்ள உங்க அமைப்பு பேரு போட்ட மனுவா இருக்கு. ஒரு பொண்ணு போட்டோ, ஆதார் கார்டு எல்லாம் இருக்கு. உங்க நம்பர் அதுலதான் கிடைச்சுது. என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர். வீட்டாருக்குப் பயந்து கணவரோடு வேறு மாவட்டத்தில் குடியிருந்தார். காவல் துறை பாதுகாப்புக்காக நாங்கள் தயாரித்த மனுவில், அவர்கள் தங்கியிருந்த வீட்டு முகவரியைத் தெருப் பெயரோடு எழுதியிருந்தோம். பையன் நல்லவன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், காசு வாங்கவில்லை. ஆனால் மூன்று சிபியுவில் ஒன்றுதான் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் எங்கே போயின, அவற்றில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எதில் எது இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளைச் சொல்கிற பிரிவு. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களிலும் தீர்ப்பிலும் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று அதில் இருக்கிறது. எத்தனை போராட்டத்துக்குப் பிறகு அந்த வரி சட்டத்துக்குள் வந்தது! நீதிமன்றம் மறைத்த அந்தப் பெயரை நாம் காயலான் கடையில் எடைக்கு எடை போட்டுவிட்டு வருகிறோம். சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு ஆளாகும் இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் அமைப்பது பற்றிச் சொன்னது. அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்பது யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது?

சரி, நாங்கள் ஒன்றும் செய்யாமல் விற்கவில்லை. "டெலிட்" செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் விற்றோம். இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்வீர்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துப் போட்டால் புத்தகம் அலமாரியை விட்டுப் போய்விடுமா? டெலிட் என்பது சீட்டைக் கிழிப்பது. புத்தகம் அதே இடத்தில் இருக்கும், வேறொரு புத்தகத்தை அதன் இடத்தில் திணிக்கும் வரை. "குவிக் ஃபார்மட்" என்பது சீட்டுப் பெட்டியையே தூக்கி எறிவது. அப்போதும் அலமாரி அப்படியேதான் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மதியத்தில் அதையெல்லாம் மீட்டுவிடும்.

அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த கார்ஃபிங்கல், ஷெலட் என்ற இருவர் 2000க்கும் 2002க்கும் இடையில் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். 129 டிஸ்க்குகள் வேலை செய்தன. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் மருத்துவக் குறிப்பு, கடிதம், கிரெடிட் கார்டு எண் என்று என்னென்னவோ இருந்தன.

அது பழைய கதை, இப்போது எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மோர்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம் 2016இல் தன் தரவு மையங்களை மூடியது. இயந்திரங்களை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. அது யாருக்கோ விற்றது, அவர்கள் இணைய ஏலத்தில் விட்டார்கள். வாடிக்கையாளர் விவரங்கள் அழியாமல் உள்ளேயே இருந்தன. இன்னொரு சம்பவத்தில் அதே நிறுவனத்தின் கிளைகளில் 42 சர்வர்கள் எங்கே போயின என்றே கணக்கு இல்லை. பூட்டி வைக்கும் குறியாக்க வசதி அந்த இயந்திரங்களிலேயே இருந்தது, பல வருடம் அதை யாரும் இயக்கவில்லை. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பாதுகாக்கத் தவறியதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 செப்டம்பரில் 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது.

இதில் எனக்கு உறைத்தது அபராதத் தொகை அல்ல. அத்தனை பணம் உள்ள நிறுவனமும் கழிவறைப் பக்கம் போட்டிருந்த எங்களைப் போலவேதான் நடந்துகொண்டிருக்கிறது. பணம் கட்டி அவர்கள் தப்பித்துவிட்டார்கள். நாம் தவறினால் விலை கொடுக்கப் போவது வேறு ஒருவர்.

ஆகவே முதல் வேலை, நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. இங்கேதான் நம் நிலைமை கம்பெனிகளை விடச் சிக்கலானது. நம் அமைப்புகளில் எத்தனைக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது? தமிழ்நாடு அரசு 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. இந்தப் பக்கத்துச் சேரிகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் அதுதான். நாம் துண்டறிக்கை அடித்தது, மனு தட்டியது, உண்மை அறியும் அறிக்கை தயாரித்தது எல்லாம் யாரோ ஒரு தங்கையின் இலவச லேப்டாப்பில். அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகிப் போயிருக்கும். லேப்டாப் தம்பிக்குப் போய், அவன் சினிமா பார்த்து, கீல் உடைந்து, கீரனூரிலோ விராலிமலையிலோ ஒரு கடையில் உதிரிப் பாகத்துக்குப் போயிருக்கும். அமைப்பின் சொத்துக் கணக்கில் அது வரவே வராது. ஆனால் அமைப்பை நம்பிப் பேசியவர்களின் வாக்குமூலம் அதற்குள் இருக்கும்.

இதே மாவட்டத்தில் இருந்துகொண்டு வேங்கைவயலை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்ததும் எத்தனை பேர் அங்கே போனார்கள்! கட்சி, இயக்கம், யூடியூப் சேனல், மாணவர் அமைப்பு என்று போனவர்களில் பலர் கையில் போன். மக்கள் பேசினார்கள், பதிவு செய்தார்கள். முகம் தெரிய, பெயர் சொல்லி. பயந்துகொண்டே பேசியவர்களும் உண்டு, "இதைப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேசியவர்களும் உண்டு. அந்தப் போன்களெல்லாம் இப்போது எங்கே? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போனை மாற்றுகிற தலைமுறை நாம். உங்களில் யாராவது எங்காவது வாக்குமூலம் எடுத்திருந்தால், எந்தப் போனில் எடுத்தீர்கள், அது இப்போது யார் கையில் என்று இந்த நிமிடம் யோசித்துப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பதில் வராதவர்களுக்காகத்தான் இந்த நோட்டு.

பதிவேடு எழுதுவது ஆவூருக்குப் புதிய வேலை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இயேசு சபையார் வந்து மிஷன் நடத்திய ஊர். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் ஏற்றுவது தேவாலயங்களின் பழக்கம். எந்தக் குழந்தை யாருக்குப் பிறந்தது என்று தாத்தா காலத்துக் கணக்கைக்கூட எடுத்துவிடலாம். ஒரு கம்ப்யூட்டர் பிறந்ததிலிருந்து அடக்கம் ஆகும் வரை அதேபோல ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். எக்ஸெல் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும்.

பொருள் கைக்கு வந்ததும் அதன்மேல் ஒரு எண் ஒட்டுங்கள். கம்பெனி போட்ட சீரியல் நம்பரைப் பக்கத்தில் எழுதுங்கள். சிபியு என்றால் உள்ளே இருக்கிற டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டுவோம். யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, கை மாறினால் யாரிடம் என்பதையும் எழுதுங்கள். கடைசியில் எப்படி அழித்தோம், யார் அழித்தார், கூட இருந்து பார்த்தவர் யார், பிறகு பெட்டி எங்கே போனது. அழித்தவரும் பார்த்தவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும். தோழர்மீது சந்தேகத்தால் சொல்லவில்லை. ஒருவரே எல்லாம் செய்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார். நான் விட்டவன். உறுப்பினரின் சொந்த போன், லேப்டாப்பில் அமைப்பு வேலை செய்தால் அதையும் நோட்டில் ஏற்றுங்கள், அதை விற்கும் முன்பு சொல்ல வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம். "இந்த லேப்டாப்பில் இன்னாருடைய வழக்கு" என்று பெயரை நோட்டில் எழுதிவிடாதீர்கள். அப்புறம் அந்த நோட்டே ஆபத்தாகிவிடும். வழக்குக்கு ஒரு எண் கொடுத்து அதை எழுதினால் போதும்.

அழிப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், பலரும் தவறவிடும் கேள்வி இது. இதை அழிக்கலாமா? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அதற்கான வீடியோ முதலில் பதிவான போனை அழித்துவிட்டால் வழக்கின் காலை நாமே உடைக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கருவியின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், போனாக இருந்தால் ஐஎம்இஐ எண், கூடவே ஹாஷ் மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். மூன்று வருடம் கழித்து வழக்கறிஞர் தோழர் அந்தப் படிவத்தை நீட்டும்போது, "அந்த போனா? வித்துட்டேனே தோழர்" என்று சொல்லும் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நோட்டு இருந்தால் அந்த எண்ணாவது இருக்கும். சாட்சியமாக வரக்கூடாது என்பதற்காக மின்னணுப் பதிவை அழித்தால், நியாய சன்ஹிதா 241ஆம் பிரிவில் அது தனிக் குற்றம். ஆகவே வழக்கில் சம்பந்தப்பட்ட பொருளின்மேல் சிவப்பு நூல் கட்டித் தனியாக வையுங்கள். வழக்கறிஞர் சொல்லும் வரை தொடக் கூடாது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும், இருக்கும் வரை பாதுகாக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியமான பிரிவைத் திருத்தி, அதிகாரிகள் ஒளிந்துகொள்ள வசதி செய்திருக்கிறது. அதை எதிர்த்துப் பேச வேண்டியது தனிக் கூட்டத்துக்கு. நம்மை நம்பியவரின் முகவரியைக் காக்க நமக்கு அந்தச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை.

இனி அழிக்கும் முறை. சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், முழு டிஸ்க்கிலும் ஒரு முறை வேறு எதையாவது எழுதி நிரப்பினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்று சொல்கிற பழைய கதைகளை விடுங்கள். லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றி ஓட்டுகிற என்வைப் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். பிறகு ஏதாவது ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் வரக் கூடாது. எஸ்எஸ்டிக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. அது தேய்மானத்தைக் குறைக்கத் தகவலை இடம் மாற்றி மாற்றி வைக்கும், நாம் மேலே எழுதினாலும் சில மூலைகளில் பழையது தங்கிவிடும். கம்பெனியே தருகிற செக்யூர் இரேஸ் என்ற கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, வாங்கிய முதல் நாளே பிட்லாக்கர் அல்லது லினக்ஸில் லக்ஸ் போட்டுப் பூட்டிவிடுவது. கடைசியில் சாவியை அழித்தால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. இந்தக் கால ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் பூட்டியே வருகின்றன. கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் உருவிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அந்த மெமரி கார்டை மறந்துவிடுகிறோம், அதில்தான் போட்டோ முழுக்க இருக்கும். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு, பலருக்குத் தெரியாது.

வேலையே செய்யாத டிஸ்க் என்றால் உடைக்கத்தான் வேண்டும். தட்டுகள் நொறுங்கும்படி, எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு சில்லும் உடையும்படி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி உள்ள எதையும், குறிப்பாக போனைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

உடைத்தது டிஸ்க்கை மட்டும்தான். மிச்சப் பெட்டி இருக்கிறதே, அது எங்கே போகிறது?

இந்தியாவின் மின்னணுக் கழிவில் பெரும் பங்கு டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களுக்குப் போகிறது. அங்கே அதைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள். நாடு முழுக்கக் குப்பை பொறுக்குகிற, பழைய இரும்பு பிரிக்கிற கைகளைப் பாருங்கள், பெரும்பாலும் தலித் கைகள். ஒயரில் செம்பு எடுக்க மேலுறையைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையில் டையாக்சின். மதர்போர்டைச் சூடாக்கி ஈயப் பற்றைக் கழற்றுகிறார்கள். துளித் தங்கத்துக்காக வாளியில் அமிலம் ஊற்றி, கையுறை இல்லாமல் போர்டை முக்கி எடுக்கிறார்கள். பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் உண்டு. சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாக அடுக்கிவிட்டது என்று அம்பேத்கர் 1936இல் வாதாடினார். மலக்குழி மரணத்துக்கு எதிராக முழக்கம் போட்டுவிட்டு வந்து, நம் மானிட்டரை ஒரு தலித் சிறுவன் கொளுத்தும்படி நாமே அனுப்பி வைக்கிறோம். 2022இல் உலகம் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

அதனால் மைக் வண்டி அண்ணனை விரட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேப்பரும் இரும்பும் அவருக்கே கொடுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். சர்க்யூட் போர்டையும் மானிட்டரையும் பேட்டரியையும் மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களைப் பற்றிப் பேசுகின்றன. குறைந்தது ஆயிரம் கருவி வைத்திருக்கிறவர்கள்தான் அந்த விதிகளில் பெரு நுகர்வோர். நம்மைப் போல நாலு பெட்டி வைத்திருப்பவர்களைத் தேடி யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். அதனால் நாம்தான் சேர வேண்டும். விராலிமலை, கீரனூர், புதுக்கோட்டை, திருச்சித் தோழர்கள் எல்லாருடைய பொருளையும் வருடத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் சேர்த்தால் ஒரு வண்டி நிரம்பும். வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ஏற்றும்போது நோட்டில் உள்ள எண்களோடு சரிபார்த்து, அவர்களிடம் சீட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.

அதற்கும் முன்னால், ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் கழிவாக்க வேண்டும்? பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி ஒன்று போட்டு, லினக்ஸ் ஏற்றினால் பத்து வருடப் பெட்டிகூடப் பிள்ளைகள் தட்டச்சு பழக ஓடும். சேரியில் நடக்கும் இரவுப் பாடசாலைகளுக்கு அதைக் கொடுக்கலாம். இந்த மாவட்டத்துப் பெண்கள் 1991இல் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றவர்கள். செயின் கழன்றால் மாட்டவும் பஞ்சர் ஒட்டவும் அவர்களே பழகினார்கள். ஸ்குரூ டிரைவர் பிடிக்கப் பழகுவது அதைவிடக் கடினமில்லை.

பின்னால் மேசையில் ஒரு சிபியு இருக்கிறது. எனக்குத் திரும்பி வந்ததே, அதேதான். இத்தனை வருடம் அழிக்காமல் வீட்டில் பூட்டி வைத்திருந்தேன், வழக்கு முடியட்டும் என்று. போன மாதம் முடிந்துவிட்டது, வழக்கறிஞரும் சரி என்றுவிட்டார். டீ குடித்துவிட்டு வாருங்கள், கழற்றலாம். அழிக்க ஒருவர், பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். பின் வரிசையில் சிரித்த தம்பி, நீங்கள் முதலில் வாங்க.